மொடியூலர் சுவிட்சின் நிலைபொருளை மேம்படுத்துதல்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளைப் பக்கங்களில் உள்ள தேயிலைத் தொழிற்சாலைகள், தங்குவிடுதிகள், பயிற்சி நிலையங்கள் ஆகியவற்றுக்கு வலையமைப்புப் பராமரிப்புக்காகப் போகும்போது, மின்னியலாளர்களும் அலுவலக எழுதுவினைஞர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நிலைபொருள் (ஃபேர்ம்வெயார்) என்பது சாதனத்தின் உள்ளேயே எழுதப்பட்டு அதை இயக்கும் மென்பொருள்; அதைப் புதிய பதிப்புக்கு மாற்றுவதையே மேம்படுத்துதல் என்கிறேன். உற்பத்தியாளர்களின் கைநூல்கள் குளிரூட்டிய தரவு மண்டபத்தையும், இரு தனித்தனி வழிகளில் வரும் மின்சாரத்தையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. தூறலும் இடியும் தேயிலைத் தூசியும் உள்ள இடத்தில் அதே வேலையைச் செய்யும்போது எங்கே கூடுதல் கவனம் வேண்டும் என்பதையே நான் அதிகம் சொல்லியிருக்கிறேன்.

மொடியூலர் சுவிட்ச் என்று எதைச் சொல்கிறோம்?

இங்கே சுவிட்ச் என்பது சுவரில் விளக்குப் போடும் சுவிட்ச் அல்ல; கணினிகள், தொலைபேசிகள், கமராக்கள் போன்றவற்றை ஒரே வலையமைப்பில் இணைக்கும் பெட்டி. சாதாரண சுவிட்ச் ஒரே பலகையால் ஆனது. பழுதானால் முழுவதையும் கழற்றி மாற்ற வேண்டும். மொடியூலர் சுவிட்சில் ஓர் உலோகச் சட்டகம் இருக்கும். அதன் முதுகில் உள்ள பின்பலகையில், கேபிள்கள் வந்து சேரும் லைன் கார்ட்டுகளும், முழுச் சட்டகத்தையும் ஆளும் மேலாண்மைக் கார்ட்டும், மின்வழங்கிகளும், விசிறித் தட்டும் தனித்தனியே செருகப்பட்டிருக்கும். சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 9400 வரிசையும் அரூபாவின் 5400ஆர் வரிசையும் இதற்கு உதாரணங்கள். பாடநூலில் இதை வலையமைப்பு ஆளி என்று படித்தவர்களும் வேலைக்கு வந்த மறுநாளே சுவிட்ச் என்று சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள் என்பதால், நானும் அப்படியே எழுதுகிறேன்.

மேலாண்மைக் கார்ட்டை சிஸ்கோக்காரர்கள் சூப்பர்வைசர் என்பார்கள். ஒரு தொழிற்சாலையில் 'சூப்பர்வைசரைக் கழற்றி மறுபடி போடுங்கள்' என்று தொலைபேசியில் சொன்னபோது, மலையில் கொழுந்து பார்த்துக்கொண்டிருந்த சூப்பர்வைசரை ஆளனுப்பிக் கூப்பிட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து மேலாண்மைக் கார்ட் என்றே சொல்லி வருகிறேன்.

நிலைபொருள் எந்தக் கார்ட்டில் இருக்கிறது?

ஒரே இடத்தில் இல்லை. ஃபேர்ம்வெயார் என்று ஒருமையில் பேசிப் பழகியதால் ஒரு கோப்பை ஏற்றினால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். மேலாண்மைக் கார்ட்டில் மட்டும் குறைந்தது மூன்று படிகள் உண்டு. மின்சாரம் வந்தவுடன் முதலில் விழிக்கும் துவக்க நிரல் அடிப்படி. சிஸ்கோவில் இதை ரொம்மொன் என்றும் அரூபாவில் பூட் ரொம் என்றும் சொல்வார்கள். அது கூப்பிட்டு எழுப்பும் இயங்குதளக் கோப்பு இரண்டாவது படி. நாம் பெரும்பாலும் மேம்படுத்துவது இதைத்தான். மூன்றாவது, கார்ட்டின் உள்ளே மின்சாரம் ஏறும் வரிசை, விளக்குகள், விசிறி வேகம் போன்றவற்றைக் கவனிக்கும் நிரலேற்றத்தக்க சில்லுகளில் எழுதப்பட்டுள்ள தருக்கம். சிபிஎல்டி, எஃப்பிஜிஏ, நெக்சஸ் வரிசையில் ஈபிஎல்டி என்றெல்லாம் கைநூலில் வருபவை இவையே.

இவை தவிர ஒவ்வொரு லைன் கார்ட்டுக்கும் தனக்கென ஒரு சிறு நிரல் உண்டு. மேலாண்மைக் கார்ட் புதிய பதிப்பில் எழுந்ததும் லைன் கார்ட்டுகளைப் பார்த்து, பழையதாக இருந்தால் தானே புதுப்பிக்கும். அந்த நேரத்தில் கார்ட்டின் விளக்கு செம்மஞ்சளாக இமைத்துக்கொண்டே இருப்பதைப் பார்த்து, கார்ட் இறந்துவிட்டது என்று இழுத்துவிடக் கூடாது. எழுதிக்கொண்டிருக்கும் சில்லின் மின்சாரத்தை நடுவில் துண்டித்தால், உண்மையாகவே அது இறந்துவிடும்.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் சுவிட்சை ஏன் தொட வேண்டும்?

நியாயமான கேள்வி. புதிய பதிப்பு வந்திருக்கிறது என்பதற்காக மட்டும் தொட வேண்டாம். தொட வேண்டிய காரணங்களில் முதன்மையானது பாதுகாப்பு. 2023 ஒக்டோபரில் வெளியான சிவிஈ-2023-20198 என்ற ஓட்டை, சிஸ்கோ ஐஓஎஸ் எக்ஸ்ஈ இயங்குதளத்தின் வலைப்பக்க மேலாண்மை வழியாக, கடவுச்சொல் எதுவும் இல்லாமலே முழு அதிகாரமுள்ள பயனர் கணக்கொன்றை உருவாக்க இடம் கொடுத்தது. அதற்குக் கொடுக்கப்பட்ட பாரதூரப் புள்ளி பத்துக்குப் பத்து. அதற்கு முன்பு 2018இல், ஸ்மார்ட் இன்ஸ்டோல் என்ற வசதி திறந்து வைத்திருந்த 4786ஆம் இலக்க வாயிலின் வழியே சுவிட்சைக் கைப்பற்றலாம் என்று தெரிய வந்தது. இரண்டிலும் அந்த வசதியை அணைத்து வைப்பது உடனடித் தற்காப்பு. நிலையான தீர்வு திருத்திய பதிப்புத்தான்.

இரண்டாவது காரணம், புதிதாக வாங்கிய லைன் கார்ட்டைப் பழைய பதிப்பு அடையாளம் காணாமல் இருப்பது. மூன்றாவது, நமக்கு நடந்துகொண்டிருக்கும் ஒரு கோளாறு, வெளியீட்டுக் குறிப்பில் தீர்க்கப்பட்டதாக எழுதப்பட்டிருப்பது. இந்த மூன்றில் ஒன்றையாவது ஒரே வாக்கியத்தில் எழுதிக் காட்ட முடியாவிட்டால், அந்த மேம்படுத்தலை நான் ஒத்திப்போடுவேன்.

எந்தப் பதிப்பைத் தெரிவு செய்வது?

ஆகப் புதியதை எடுக்க வேண்டியதில்லை. உற்பத்தியாளர் தன் தளத்தில் பரிந்துரைப்பதாகக் குறித்திருக்கும் பதிப்பை எடுத்து, அதன் வெளியீட்டுக் குறிப்பை முழுவதும் வாசியுங்கள். குறிப்பாக, உங்கள் சட்டகத்தில் இருக்கும் ஒவ்வொரு கார்ட்டின் மாதிரி இலக்கத்தையும் 'ஷோ மொடியூல்' கட்டளையில் எடுத்து எழுதி, அவை எல்லாவற்றையும் அந்தப் பதிப்பு ஆதரிக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஒரு சட்டகத்தில் பத்து வருட வித்தியாசமுள்ள கார்ட்டுகள் அருகருகே இருப்பது நம் பக்கத்தில் சர்வசாதாரணம். அரூபா 5400ஆர் சட்டகத்தில் பழைய இரண்டாம் தலைமுறைக் கார்ட்டுகள், பழையதையும் ஏற்கும் பொருந்து நிலையில் ஓடும். அந்த நிலையை நிறுத்தினால் அவை இயங்கா.

மிகவும் பழைய பதிப்பில் இருந்து நேரே புதியதற்குத் தாவ முடியாத சந்தர்ப்பமும் உண்டு. இடையில் ஒரு பதிப்பில் ஏறி நின்று, துவக்க நிரலைப் புதுப்பித்த பிறகுதான் மேலே போகலாம் என்று குறிப்பில் எழுதியிருப்பார்கள். அப்படியானால் ஒரு மறுதுவக்கத்துக்குப் பதிலாக இரண்டு மூன்று மறுதுவக்கங்களுக்கு நேரம் ஒதுக்குங்கள்.

எந்த நாளில், எந்த நேரத்தில் செய்வது?

கைநூல் நள்ளிரவு என்று சொல்லும். தேயிலைத் தொழிற்சாலைக்கு அது சரிப்படாது. பகலில் பறித்து மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) எடை போட்ட கொழுந்து மாலைக்குள் தொழிற்சாலைக்கு வந்து, இரவு முழுவதும் வாட்டும் தொட்டிகளில் கிடந்து, பல தொழிற்சாலைகளில் விடியற்காலைக்கு முன்பே உருட்டும் இயந்திரத்துக்குப் போய்விடும். ஊர் தூங்கும் நேரத்தில்தான் தொழிற்சாலை முழு வேகத்தில் இருக்கும். வாட்டும் பகுதியின் வெப்ப, ஈரப்பத அளவிகளும் நிறுவைத் தராசுகளும் வலையமைப்பில் இணைக்கப்பட்டிருந்தால், நள்ளிரவில் சுவிட்சை மறுதுவக்குவது அவர்களுக்கு நட்டநடுப் பகலில் மறுதுவக்குவதற்குச் சமம். ஞாயிற்றுக்கிழமை கொழுந்து எடுக்காத தோட்டமாக இருந்தால், சனிக்கிழமைக் கொழுந்து ஞாயிறு காலையில் முடிந்துவிடும். அதன் பிறகு திங்கள் கொழுந்து வரும்வரை தாராளமாக நேரம் இருக்கும். எதற்கும் முன்கூட்டியே, தேயிலை உற்பத்தியைக் கவனிக்கும் டீமேக்கரிடம் கேட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் யாரும் அவரைப் போல அதைச் சொல்ல மாட்டார்கள்.

தங்குவிடுதிகளுக்குக் கணக்கு வேறு. ஏப்ரல் மாத நுவரெலியா வசந்த காலத்தில் சுவிட்சின் அருகில்கூடப் போக வேண்டாம். பயிற்சி நிலையங்களுக்கு விடுமுறைக் காலமே போதும்.

அடுத்தது வானம். இரு பருவமழைகளுக்கும் இடைப்பட்ட மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலானால் இடி மின்னல் வருவது நமக்குப் பழக்கமானது. அந்த மாதங்களில் வேலையைக் காலையில் தொடங்கி மதியத்துக்குள் முடிக்கப் பாருங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கத்தை அடிக்கும்; டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை பதுளைப் பக்கத்தை அடிக்கும். மழையால் சுவிட்சுக்குப் பாதிப்பு இல்லாவிட்டாலும் பாதைக்கு உண்டு. மாற்றுக் கார்ட் கொழும்பில் இருந்து ஏ7 வீதியால் வரவேண்டியிருக்கும்போது மண்சரிவால் வீதி மூடப்பட்டால், ஒரு நாள் வேலை மூன்று நாளாகும். மாற்றுக் கார்ட் கையில் இல்லாமல் அடைமழை வாரத்தில் துவக்க நிரலைத் தொடுவதில்லை என்பது என் வழக்கம்.

வேலைக்கு நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும்?

எந்தப் படியில் இருக்கும்போது போகிறது என்பதைப் பொறுத்தது. கோப்பை நகலெடுத்துக்கொண்டிருக்கும்போது போனால் பாதிக் கோப்பு வீண், அவ்வளவுதான். புதிய இயங்குதளம் எழும்பிக்கொண்டிருக்கும்போது போனாலும் பெரும்பாலும் மறுபடி எழும்பும். துவக்க நிரலையோ சிபிஎல்டியையோ எழுதும் அந்தச் சில நிமிடங்களில் போனால்தான் கார்ட்டை உற்பத்தியாளருக்குத் திருப்பி அனுப்ப நேரும். ஆகவே அந்த நிமிடங்களுக்கு யூபிஎஸ் கட்டாயம் வேண்டும்.

யூபிஎஸ் இருக்கிறது என்ற சொல்லை நம்ப வேண்டாம். வேலைக்கு ஒரு வாரம் முன்பு, வலையமைப்புக்கு வேலையில்லாத ஒரு நேரத்தில், யூபிஎஸ்ஸின் உள்ளீட்டு மின்சாரத்தைச் சுவரில் நிறுத்திவிட்டு, சுவிட்சின் முழுச் சுமையையும் எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று மணிக்கூட்டைப் பார்த்து எழுதுங்கள். மூடிய ஈயஅமில மின்கலங்கள் மூன்று முதல் ஐந்து வருடங்களில் தளர்ந்துவிடும். குளிரான ஊரில் ஆயுள் சற்றுக் கூடினாலும், ஜனவரி விடியற்காலையில் நுவரெலியா ஐந்து பாகைக்குக் கீழ் போகும்போது அதே மின்கலம் தரும் கொள்ளளவு குறைந்துதான் இருக்கும். மதியம் சோதித்துவிட்டு விடியற்காலையில் வேலை செய்தால் கணக்குப் பிசகும். மின்பிறப்பாக்கி உள்ள இடங்களில் அது எடுத்துக்கொள்ளும் நேரத்தையும், எடுக்கும்போது வோல்ட்டளவு தள்ளாடுவதை யூபிஎஸ் ஏற்கிறதா என்பதையும் அதே சோதனையில் பார்த்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை மின்வெட்டு அறிவிக்கப்படவில்லை என்பதும் உத்தரவாதம் ஆகாது. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதால் நாடு முழுவதும் பல மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் போனது. அன்று ஞாயிற்றுக்கிழமை, நேரம் முற்பகல்; என்னுடைய அட்டவணையில் மிகப் பொருத்தமானது என்று குறித்து வைக்கும் நேரம்.

கோப்பை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது?

தோட்டத்து இணைய இணைப்பில் தரவிறக்கத் தொடங்கிவிட்டுக் காத்திருக்காதீர்கள். கேட்டலிஸ்ட் 9400இன் இயங்குதளக் கோப்பு 1 கிகாபைட்டைச் சுற்றி வரும். வீட்டிலோ நகரத்திலோ தரவிறக்கி, மடிக்கணினியிலேயே அதன் எஸ்எச்ஏ-512 கைரேகையை (கோப்பின் உள்ளடக்கத்தில் இருந்து கணிக்கும் நீண்ட எழுத்து வரிசையை) கணித்து, உற்பத்தியாளர் தளத்தில் அச்சிட்டிருப்பதோடு ஒப்பிடுங்கள். விண்டோசில் 'சேர்ட்யூட்டில்' கட்டளை இதைச் செய்யும். முதல் எட்டு எழுத்தும் கடைசி எட்டு எழுத்தும் சரியென்றால் போதும் என்று சிலர் விடுவார்கள்; முழுவதையும் நகலெடுத்து ஒட்டி ஒப்பிட அரை நிமிடம்தான் கூடச் செல்லும். சுவிட்சில் ஏற்றிய பிறகு இன்னொரு முறை அங்கேயும் சரிபாருங்கள், ஏனென்றால் பழுதான யூஎஸ்பி குச்சியால் நடுவில் ஒரு துண்டு கெட்டுப் போவது நடக்கிற விடயம்.

வலையமைப்பின் ஊடாகக் கோப்பு அனுப்பும் எளிய முறையான டிஎஃப்டிபி வழியாக ஏற்றுவோர் ஒன்றைத் தெரிந்திருக்க வேண்டும். அந்த முறையில் கோப்பு 512 பைட் துண்டுகளாகப் போகும். துண்டுகளின் இலக்கம் 65,535க்கு மேல் போகாது. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 32 மெகாபைட். துண்டின் அளவைப் பெரிதாக்கும் வசதி இல்லாத பழைய டிஎஃப்டிபி மென்பொருளில், பெரிய கோப்பு சரியாக 32 மெகாபைட்டில் நின்றுவிடுவதற்குக் காரணம் இதுதான். கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். எஸ்சிபி அல்லது எஸ்எஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் முறைகளைப் பயன்படுத்துங்கள், அல்லது யூஎஸ்பி குச்சியை நேரே மேலாண்மைக் கார்ட்டில் செருகுங்கள்.

வேலையைத் தொடங்கும் முன் எவற்றைக் கையில் எடுத்து வைக்க வேண்டும்?

சுவிட்சுக்கு நாம் கொடுத்த அமைப்புகள் எல்லாம் எழுதப்பட்டுள்ள அமைவுக் கோப்பின் பிரதி ஒன்று மடிக்கணினியிலும் ஒன்று வேறோர் இடத்திலும் இருக்க வேண்டும். இதை வலியுறுத்தக் காரணம் உண்டு: புதிய பதிப்பு எழும்போது பழைய அமைவைத் தன் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும், திரும்பிக் கீழே இறங்கும்போது பழைய பதிப்புக்கு அந்தப் புதிய வடிவம் முழுவதும் புரியாமல் போகலாம். ஆகவே திரும்பும் வழி என்பது பழைய கோப்பும் பழைய அமைவும் சேர்ந்ததுதான்.

அரூபா சுவிட்சுகளில் இயங்குதளக் கோப்பைச் சேமிக்க, முதன்மை, துணை என இரண்டு ஃப்ளாஷ் நினைவக இடங்கள் உண்டு. ஓடும் பதிப்பு முதன்மையில் இருந்தால் புதியதைத் துணையில் ஏற்றி, துணையில் இருந்து துவக்கச் சொல்லுங்கள். சரிவராவிட்டால் முதன்மை தொடப்படாமல் அப்படியே இருக்கும். ஓடிக்கொண்டிருப்பதன் மேலேயே புதியதை எழுதுபவரை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு ஏன் அவ்வளவு தைரியம் என்று இன்றுவரை விளங்கவில்லை.

மடிக்கணினியை நேரே மேலாண்மைக் கார்ட்டோடு இணைக்கும் கொன்சோல் கேபிளும், அதை மடிக்கணினியில் செருகும் யூஎஸ்பி மாற்றியும் வேலை செய்கின்றன என்று முதலிலேயே செருகிப் பாருங்கள். சிஸ்கோவில் வழக்கமான வேகம் செக்கனுக்கு 9600 பிட். சுவிட்ச் எழும்பாதபோது பேசுவதற்கு இருக்கும் ஒரே வாய் அதுதான். இடி கேட்கத் தொடங்கினால் மடிக்கணினியை மின்னூட்டியில் இருந்து கழற்றி மின்கலத்தில் ஓட்டுங்கள்.

மேலாண்மைக் கார்ட் இரண்டு இருந்தால் வலையமைப்பு நிற்காதுதானே?

விற்பனையாளர் அப்படித்தான் சொல்லியிருப்பார். இரண்டு மேலாண்மைக் கார்ட் இருந்தால், காத்திருக்கும் கார்ட்டில் முதலில் புதிய பதிப்பை ஏற்றி எழுப்பி, பொறுப்பை அதற்கு மாற்றி, பிறகு பழைய கார்ட்டையும் புதுப்பிக்கலாம். சேவையில் இருக்கும்போதே மேம்படுத்தல் என்ற இந்த வழிக்குச் சிஸ்கோவில் இசு என்று பெயர். நடைமுறையில் அதற்கு நிபந்தனைகள் உண்டு. எல்லாப் பதிப்பில் இருந்தும் எல்லாப் பதிப்புக்கும் இது செல்லாது. இரண்டு கார்ட்டும் ஒரே வகையாகவும் ஒரே பதிப்பிலும் முழு ஒத்திசைவிலும் இருந்தாக வேண்டும். லைன் கார்ட்டின் நிரலேற்றத்தக்க சில்லைப் புதுப்பிக்க வேண்டியிருந்தால் அந்தக் கார்ட் எப்படியும் அணைந்து எழும்.

அணைந்து எழும் கார்ட்டில் இருந்து மின்சாரம் பெறும் தொலைபேசிகளும் வைஃபை பெட்டிகளும் கமராக்களும் கூடவே அணையும். கார்ட் இரண்டு நிமிடத்தில் திரும்பினாலும், வைஃபை பெட்டி தான் எழும்ப இன்னும் சில நிமிடம் எடுக்கும். ஆகவே, எத்தனை மேலாண்மைக் கார்ட் இருந்தாலும், முழுவதும் நிற்கும் என்று அறிவித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். நிற்காமல் முடிந்தால் யாரும் கோபிக்கப் போவதில்லை.

இன்னொன்று: இரண்டாவது கார்ட் இருக்கிறது என்ற நிம்மதியில் அதன் பதிப்பை வருடக்கணக்காகப் பார்க்காமல் விட்டுவிடுகிறோம். முதல் கார்ட் செயலிழக்கும் நாளில் இரண்டாவது கார்ட் பழைய பதிப்பில், பழைய அமைவில் எழுந்து நிற்கும். 'ஷோ ரெடண்டன்சி' கட்டளை இரண்டும் ஒத்திசைந்திருக்கின்றனவா என்பதை ஒரு திரையில் காட்டிவிடும்.

எல்லாம் சரியாக எழுந்துவிட்டது. இனிப் புறப்படலாமா?

வேண்டாம். இதில் நான் நேரே பட்ட அனுபவம் உண்டு. ஐஓஎஸ் எக்ஸ்ஈயில் மேம்படுத்தல் மூன்று கட்டளைகளாக நடக்கும்: கோப்பைச் சேர்த்தல், செயற்படுத்தல், உறுதிசெய்தல். மூன்றையும் ஒரே வரியிலும் கொடுக்கலாம். தனித்தனியே கொடுத்தால், செயற்படுத்திய பிறகு உறுதிசெய்யும்வரை ஒரு மணிக்கூடு ஓடிக்கொண்டிருக்கும். இயல்பாக அது 120 நிமிடம். அதற்குள் 'இன்ஸ்டோல் கொமிட்' கொடுக்காவிட்டால், புதிய பதிப்பில் ஏதோ பிழை, ஆளால் உள்ளே வர முடியவில்லை என்று சுவிட்ச் தானே முடிவு செய்து பழைய பதிப்புக்குத் திரும்பிவிடும்.

டிக்கோயாப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் ஒரு ஞாயிறு பிற்பகல் 1.10க்குச் செயற்படுத்தினேன். கார்ட்டுகள் எல்லாம் பச்சையாக வந்தன, தொலைபேசிகள் வந்தன, கமராத் திரை நிறைந்தது, அவர்கள் கொடுத்த தேநீரையும் குடித்தேன். உறுதிசெய்தேனா என்று யோசிக்காமல் பையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். பேருந்து வட்டவளையைத் தாண்டும்போது, 3.12க்கு, தொழிற்சாலை மின்னியலாளர் தொலைபேசியில் வந்தார்.

"அண்ணே, கேமரா ஒன்னுமே தெரியல. போனும் செத்துப்போச்சு. நீங்க அங்கருந்து ஏதும் செய்றீங்களா?"

"இல்ல தம்பி, நான் பஸ்ல இருக்கேன். விளக்கு என்ன நிறம்?"

"மஞ்சள். தானா அணைஞ்சு தானா ஏறுது."

அப்போதுதான் கொடுக்காமல் விட்ட அந்த ஒரு சொல் ஞாபகத்துக்கு வந்தது. சுவிட்சில் பிழை எதுவும் இல்லை. சொல்லி வைத்ததைத்தான் செய்தது. பழைய பதிப்பில் அது நலமாக எழுந்தது, நான் அடுத்த ஞாயிறு மறுபடியும் போக வேண்டியதாயிற்று. அந்த 120 நிமிடத்தை நான் இப்போதும் நிறுத்துவதில்லை; ஆளில்லாத இடத்தில் அது காப்பாற்றும். உறுதிசெய்யும் கட்டளையை மட்டும் தாளில் பெரிதாக எழுதிச் சட்டகத்தின் கதவில் ஒட்டிவிட்டுத் தொடங்குகிறேன்.

புதிய கோப்பை ஏற்றினேன், மறுதுவக்கினேன். பழைய பதிப்பிலேயே எழுகிறது. ஏன்?

எந்தக் கோப்பில் இருந்து துவக்குவது என்ற வரி அமைவில் மாற்றப்படாமல் இருக்கலாம், அல்லது மாற்றியதைச் சேமிக்காமல் இருந்திருக்கலாம். பழைய கேட்டலிஸ்ட் 4500இல் இன்னொரு பொறி உண்டு: எப்படித் துவங்க வேண்டும் என்று சுவிட்சுக்குச் சொல்லும் அமைவுப் பதிவேட்டின் பெறுமானம் 2101 என்று முடிந்தால், நீங்கள் எழுதிய துவக்க வரியைப் பொருட்படுத்தாமல் ஃப்ளாஷில் உள்ள முதல் கோப்பையே எடுக்கும். 2102 ஆக மாற்றினால்தான் உங்கள் வரியைக் கேட்கும்.

எழும்பவே இல்லை, கொன்சோலில் ரொம்மொன் மட்டும் நிற்கிறது. என்ன செய்வது?

முதலில் கையைக் கட்டிக்கொண்டு திரையை வாசியுங்கள். துவக்க நிரல் பேசுகிறது என்றால் கார்ட் உயிரோடு இருக்கிறது. ஃப்ளாஷில் பழைய கோப்பு இருந்தால் அதன் பெயரைச் சொல்லித் துவக்குங்கள். இல்லையென்றால், அந்த மாதிரி இடம் கொடுக்குமானால், யூஎஸ்பி குச்சியில் இருந்தோ மேலாண்மை வாயில் வழியாக டிஎஃப்டிபியில் இருந்தோ துவக்கலாம்.

இவை எதுவும் இயலாத பழைய சுவிட்சுகளில் கொன்சோல் கேபிள் வழியே எக்ஸ்மொடெம் முறையில் கோப்பை அனுப்புவது கடைசி வழி. 9600 வேகத்தில் ஒரு செக்கனுக்கு 960 பைட்தான் போகும். 16 மெகாபைட் கோப்புக்கு ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம். கொன்சோல் வேகத்தை முதலில் 115200க்கு உயர்த்திக்கொண்டால் அதே வேலை அரை மணித்தியாலத்துக்குள் அடங்கும். இந்த ஒரு விடயம் தெரியாமல் இரவு முழுவதும் குளிரில் உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு.

மேம்படுத்திய பிறகு ஃபைபர் இணைப்பு வரவில்லை; புட்டி (மடிக்கணினியில் இருந்து சுவிட்சுக்குள் போக உதவும் மென்பொருள்) வழியாகவும் உள்ளே போக முடியவில்லை. பழுதா?

பெரும்பாலும் பழுது இல்லை. நம் நாட்டில் பல இடங்களில் ஃபைபர் கேபிளைச் சுவிட்சோடு இணைக்கும் எஸ்எஃப்பி செருகிகளில், உற்பத்தியாளரின் சொந்தச் செருகிகளுக்குப் பதில் விலை குறைந்த மாற்றுச் செருகிகளே இருக்கின்றன. பதிப்பு மாறும்போது அவை ஏற்கப்படாமல் போகலாம். மாற்றுச் செருகிகளை அனுமதிக்கும் கட்டளை சிஸ்கோவிலும் அரூபாவிலும் இருக்கிறது. கொடுத்தால் பல சமயம் இணைப்பு வந்துவிடும், ஆனால் அதற்குப் பிறகு வரும் கோளாறுகளை உற்பத்தியாளரிடம் முறையிட முடியாது. வேலைக்குப் போகும்போது ஒரு சோடி அசல் செருகி பையில் இருப்பது நல்லது.

புட்டி மறுப்பதற்குக் காரணம், புதிய பதிப்பு பழைய மறைகுறி முறைகளை நிறுத்திவிட்டிருப்பது. சுவிட்சைத் தளர்த்தாமல் புட்டியைப் புதுப்பியுங்கள். வலையமைப்பைக் கண்காணிக்கும் மென்பொருளுக்கும் இதே சிக்கல் வரும் என்பதால், திங்கட்கிழமை காலையில் அது எல்லாம் சிவப்பு என்று காட்டினால் பதற வேண்டாம்.

கொழும்பில் இருந்தே தூரத்தால் செய்துவிடலாமா?

கொன்சோலுக்குத் தனியான ஒரு வழி, உதாரணமாக ஒரு 4ஜி ரவுட்டரோடு இணைத்த கொன்சோல் சேர்வர், இருந்தால் செய்யலாம். இல்லையென்றால் செய்யாதீர்கள். மேம்படுத்தும் சுவிட்சின் வழியாகவே அந்தச் சுவிட்சுக்குள் போயிருக்கிறீர்கள். அது எழாவிட்டால் உங்கள் கைக்கும் அதற்கும் இடையில் கடுகண்ணாவை ஏற்றம் இருக்கும்.

நுவரெலியா உயரத்தில் சுவிட்சுக்குத் தனிக் கவனம் வேண்டுமா?

உயரம் கூடக் கூடக் காற்று மெலிந்து குளிர்விக்கும் திறன் குறையும் என்பதால், உற்பத்தியாளர்கள் உயரத்துக்கேற்ப மேல்வெப்ப எல்லையைக் குறைப்பார்கள். சில மாதிரிகளுக்கு 1,800 மீற்றர் வரை 45 பாகை, அதற்கு மேல் 3,000 மீற்றர் வரை 40 பாகை என்று குறிப்பிட்டிருக்கும். நுவரெலியா நகரம் 1,868 மீற்றரில் இருக்கிறது. ஆனால் அங்கே 40 பாகையை யார் கண்டது? நமக்குத் தொல்லை ஈரமும் தூசியும்தான். மூடுபனி நாட்களில், குளிரில் பல மணித்தியாலம் அணைந்து கிடந்த சட்டகத்தைச் சூடான அறைக்குக் கொண்டுவந்தவுடன் மின்சாரம் கொடுக்காதீர்கள்; உள்ளே படிந்த ஈரம் காயட்டும்.

தேயிலைத் தூசி பஞ்சு போல விசிறித் தட்டில் படியும். மறுதுவக்கத்தின்போது விசிறிகள் முழு வேகத்தில் சுழலும், அப்போதுதான் பலவீனமான விசிறி நின்றுபோகும். மேம்படுத்தலுக்கு முந்திய வாரமே தூசியை உறிஞ்சி எடுத்துவிட்டு, 'ஷோ என்வைரன்மென்ட்' கட்டளையில் விசிறிகளையும் மின்வழங்கிகளையும் பாருங்கள். ஊதித் தள்ளினால் தூசி பின்பலகைக்குள்தான் போகும்.

இனி மேம்படுத்தலே வெளிவராத பழைய சுவிட்சை என்ன செய்வது?

உடனே தூக்கிப் போட எல்லோருக்கும் வசதி இல்லை என்பது தெரியும். வலைப்பக்க மேலாண்மை, டெல்நெட் (மறைகுறி இல்லாமல் தூரத்தில் இருந்து உள்ளே போகும் பழைய வழி), ஸ்மார்ட் இன்ஸ்டோல் மூன்றையும் அணைத்து, மேலாண்மை முகவரியைத் தனியான ஒரு விலானில் (அதே சுவிட்சில் பிரித்து வைக்கும் தனி வலையமைப்பில்) வைத்து, அந்த விலானுக்கு உங்கள் மடிக்கணினியைத் தவிர வேறு எதுவும் போகாதபடி அணுகல் பட்டியல் எழுதுங்கள். கடைசியாக வெளிவந்த பதிப்பின் கோப்பைக் கைரேகையோடு இரண்டு யூஎஸ்பி குச்சிகளில் சேமித்து வையுங்கள், ஏனென்றால் சில வருடங்களில் உற்பத்தியாளர் தளத்தில் இருந்தே அது காணாமல் போகலாம். மாற்றும் காலம் வந்ததும், கழற்றிய சட்டகத்தின் நல்ல லைன் கார்ட்டுகளையும் மின்வழங்கிகளையும் நிலைமின் காக்கும் பையில் இட்டு, ஒவ்வொன்றிலும் மாதிரி இலக்கத்தையும் கடைசியாக ஓடிய பதிப்பையும் எழுதி அலுமாரியில் வையுங்கள். பக்கத்துத் தோட்டத்தில் அதே சட்டகம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.